ஆறாவது பை

தெரு மேட்டிலிருந்து சரிவாக இறங்கும். மேட்டின் உச்சியில் தியேட்டர், அடியில் தேவாலயம், இரண்டுக்கும் சரிபாதியில் தையல்காரர் கடை. மழை பெய்தால் தியேட்டர் வாசலில் கிடக்கும் டிக்கெட் கிழிசல்கள் மிதந்து வந்து, தையல் கடைப் படியில் ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டு, நேராகத் தேவாலய வாசலில் போய் ஒதுங்கும். "மேல கழுவுறதெல்லாம் கீழதான் வந்தாகணும் டீச்சர். நம்ம தொழிலே அதுதானே" என்று பழைய பாஸ்டர் சொல்லிச் சிரிப்பார்.

தையல்காரரின் மனைவியைத் தெருவே கணக்கு டீச்சர் என்று கூப்பிட்டது. முப்பத்தோரு வருஷம் பள்ளியில் கணக்கு நடத்தியவர். வாடிக்கையாளர் முன்னால் புருஷன்கூட, "டீச்சர், அந்த நீல நூலை எடு" என்றுதான் சொல்வார்.

சினிமாவுக்குத் தீர்ப்பு எழுதும் வேலையைப் பழைய பாஸ்டர்தான் அவர் தலையில் கட்டினார். சபை மடல் என்று மாதம் ஒருமுறை நான்கு பக்கத்தில் ஒரு தாள் வரும். அதன் கடைசிப் பக்க மூலையில் 'படம் பார்க்குமுன்' என்று ஒரு கட்டம். பெற்றவர்கள் அதைப் படித்த பிறகுதான் பிள்ளைகளை மேட்டுக்கு அனுப்புவார்கள். தீர்ப்பு மூன்றே வகை. 'குடும்பத்தோடு பார்க்கலாம்.' 'பெரியவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.' 'கிறிஸ்தவ வீட்டுக்குள் வரத் தகாதது.'

"நான் எப்படி பாஸ்டர் தீர்ப்புச் சொல்றது? எனக்கு எண்ணத்தான் தெரியும்."

"எண்ணியே சொல்லுங்க. எண்ணிச் சொன்னா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

ஆனால் இருட்டில் எண்ணுவது நினைப்பதுபோல் சுலபமில்லை. முதல் படத்துக்கு டீச்சர் நோட்டும் பென்சிலும் கொண்டு போனார். வெளியே வந்து பார்த்தால் நாலின் முதுகில் ஏழு ஏறி உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரம் சின்ன டார்ச் எடுத்துப் போனார். பின்சீட்டுக்காரர், "அக்கா, படம் அங்க ஓடுது, உங்க மடியில இல்ல" என்றார். விரல்விட்டு எண்ணலாம் என்றால், எண்ண வேண்டிய பாவம் ஐந்து வகை. விரல் எந்த மூலைக்கு?

தையல்காரர் நூல் முனையைக் கடித்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டார். மறுநாள் கனமான கால்சட்டைத் துணியில் இடுப்பில் கட்டும் ஓர் ஏப்ரன் தயாராக இருந்தது. மேலே ஒரு வரிசைப் பை, கீழே ஒரு வரிசைப் பை. மேல் பைகள் நிறையப் பட்டன். படத்தில் ஒன்று நடந்தால் மேலிருந்து ஒரு பட்டனை எடுத்துக் கீழே போட வேண்டும். படம் முடிந்ததும் கீழ்ப் பைகளைக் கொட்டி எண்ணினால் போதும். எந்தப் பை எது என்று குழம்பாமலிருக்கப் பட்டனையே வேறுபடுத்தியிருந்தார். ரெட்டைத் துளைப் பட்டன் கெட்ட வார்த்தைக்கு. நாலு துளைப் பட்டன் அடிதடிக்கு. பின்னால் காது வைத்த பட்டன் உடுப்புக் குறைவுக்கு. குழந்தைச் சட்டையின் மிளகளவுப் பட்டன் குடி, போதை இரண்டுக்கும். பிரஸ் பட்டன், கடவுள் பெயரை வீணாக எடுப்பதற்கு. கண்ணே வேண்டாம், விரல் நுனி தடவிச் சொல்லிவிடும்.

"இயந்திரத் துப்பாக்கி வந்தா என்னங்க பண்றது? ஒரு நிமிஷத்துல நூறு சுடுறான்."

"தோட்டாவை எண்ணாத டீச்சர். துப்பாக்கியை எண்ணு."

மேல் வரிசையின் கோடியில் ஒரு பை அதிகமாக இருந்தது. அதற்குள் ஒரே ஒரு பெரிய கோட்டுப் பட்டன். கீழேயும் அதற்கு நேராக ஆறாவதாக ஒரு பை.

"இது எதுக்கு?"

"அஞ்சு பாக்கெட்டும் கெட்டதுக்கே வச்சிட்டியே. நல்லது ஏதாவது வந்தா எங்க போடுவ?"

"நல்லதை எண்ண முடியாதுங்க. அது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியாது."

"சரி, இடமாவது இருக்கட்டுமே."

பத்தொன்பது வருஷம் அந்தக் கோட்டுப் பட்டன் இருந்த இடத்திலேயே இருந்தது.

தையல்காரரின் தும்மலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துணியை ஊசி குத்தக் குத்தப் பஞ்சுத்தூள் உதிர்ந்து மெஷினுக்கு அடியில் பாபின் பெட்டியைச் சுற்றிப் படியும். அதைச் சனிக்கிழமைதோறும் கழற்றி, வாயால் ஊதிச் சுத்தம் செய்வார். ஊதிய தூள் போக இடமில்லாமல் அவர் மூக்குக்கே திரும்பி வரும். உடனே கத்திரியைத் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணை மூடுவார். அளவு கொடுக்க வந்தவர் நீட்டிய கை நீட்டியபடி நிற்பார். முதல் தும்மல், பூனை தும்மியது போல. இரண்டாவது, நாற்காலியை இழுத்தது போல. மூன்றாவதுக்குக் கண்ணாடி அலமாரி அதிரும். அப்புறம் ஒரு மூச்சு விட்டு, தனக்கே சொல்வது போல, "தோத்திரம்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அளவு கொடுக்க வந்தவர் கையை இறக்குவார்.

மகனுக்குப் பத்து வயதில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் கிடைத்தது. மெஷின் மிதிபடும் சத்தம், கத்திரி ஓடும் சத்தம், தகரக் கூரையில் மழை, பின்கதவின் கீல் முனகுவது என்று எல்லாவற்றையும் பிடித்து வைத்தான். "உன் பையன் காத்தைப் பிடிச்சு டப்பாவுல அடைக்கிறான் டீச்சர்" என்று தையல்காரர் பெருமையாகக் குறை சொல்வார். வளர்ந்து நகரத்துக்குப் போய் சினிமாவில் சத்தம் சேர்ப்பவன் ஆனான். நடிகர் படியேறினால் கேட்கும் காலடி அந்த நடிகருடையது அல்ல, இருட்டறைக்குள் வேறொருவன் பலகையில் நடந்து எடுப்பது என்று வீட்டுக்கு வரும்போது விளக்குவான். வீடே வாயைப் பிளந்து கேட்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் அவன் வேலை செய்த முதல் படம் மேட்டுத் தியேட்டருக்கு வந்தது. வெட்டுக்குத்துப் படம். டீச்சர் பார்த்தார், எண்ணினார், எழுதினார்: 'கிறிஸ்தவ வீட்டுக்குள் வரத் தகாதது.' அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்த மகன் சமையலறையில் நின்றபடி மடலைப் படித்தான்.

"அப்ப நானும் வரக்கூடாதா?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தையல்காரர் மெஷினை நிறுத்தாமலே, "நீ எழுதினதும் சரி டீச்சர், அவன் கோபமும் சரி" என்றார். அடுத்த வருஷம் தையல்காரர் செத்தபோது மகன் வந்தான். பெட்டியைத் தூக்கினான், கல்லறையில் மண் போட்டான், சாயங்கால பஸ்ஸில் போய்விட்டான். வீட்டுக்குள் காலை வைக்கவில்லை.

அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, ஒரு மழைக்கால வியாழக்கிழமை, பேக்கரியில் வேலை பார்க்கும் மகள் ஈரக் குடையோடு உள்ளே வந்தாள். கையில் சூடு ஆறாத ரொட்டி.

"அம்மா, மேட்டுல புதுப் போஸ்டர் ஒட்டியிருக்காங்க. ரெண்டு தடியனுங்க வாயில புகையோட நிக்கிறானுங்க, இடுப்புல துண்டு மட்டும். பின்னாடி கார் எரியுது."

"அதுக்கென்ன, எரியட்டும்."

"அடியில பொடி எழுத்துல அண்ணன் பேரு இருக்கு."

டீச்சர் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். கரண்டி நிற்கவில்லை, மெதுவானது.

"இந்தத் தடவை நீ எழுத வேண்டாம்மா. கண்ணு தெரியலைன்னு சொல்லிடு. திரும்பவும் அதே நாலு வார்த்தையை எழுதினா அவன் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டான்."

"என் பையன் படம்னு விட்டுட்டா, இத்தனை நாள் ஊரார் பிள்ளைங்க படத்துக்கு எழுதினேனே, அது என்ன?"

"அப்ப நல்லவிதமா எழுது."

"எண்ணிப் பார்த்துட்டு எழுதறேன்."

"ஆமா, எண்ணு. அப்பா போனாரு, அண்ணன் போனான், மிச்சம் நான் ஒருத்திதான். என்னையும் எண்ணிக்கோ." மகள் ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுத் தலை துவட்டப் போனாள். ரொட்டியின் மேல் தோலைக் கிள்ளி டீச்சர் வாயில் போட்டுக்கொண்டார். அந்தத் தோல் எப்போதும் தையல்காரரின் பங்கு.

புதிய பாஸ்டர் இளைஞர். "நீங்க எதுக்கு மழையில ஏறணும் டீச்சர்? போஸ்டரைப் பார்த்தாலே விஷயம் தெரியுது. நாலு வரி எழுதிடலாமே" என்றார்.

"பார்க்காம எழுதினா அது பொய்ச்சாட்சி, பாஸ்டர். பத்துக் கட்டளையில ஒண்ணு."

சனிக்கிழமை மதியக் காட்சி. டீச்சர் வழக்கமான சீட்டில் உட்கார்ந்தார், நடைபாதையிலிருந்து இரண்டாவது. முதலாவது தையல்காரருடையது. அதில் குடையை வைத்தார்.

படத்தில் இரண்டு நண்பர்கள். காலையில் எழுந்தால் கஞ்சா, படுத்தால் கஞ்சா. பேருந்தில் தங்கள் பையை விட்டுவிட்டுக் கடத்தல்காரனின் பையை மாற்றித் தூக்கி வந்துவிடுகிறார்கள். அதிலிருந்து ஓட்டம்தான். மிளகுப் பட்டன்கள் பொலபொலவென்று இறங்கின. ரெட்டைத் துளைப் பட்டன் போட்டுப் போட்டு விரல் வலித்தது. ஒரு பாலத்தில் இருவருடைய கால்சட்டையும் கழன்று ஆற்றோடு போனது. காதுப் பட்டன் ஒன்று, இரண்டு, மூன்று. தியேட்டரே விழுந்து சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. எண்ணுகிறவர் சிரித்தால் கை தவறிவிடும்.

பிறகு அந்த இருவரும் யாரோ ஒரு முதிய தம்பதியின் வீட்டுக்குள் நுழைகிறார்கள். பின்கதவு திறக்கிறது. கீல் முனகியது. முதலில் இழுத்து, நடுவில் விக்கி, கடைசியில் பெருமூச்சு. டீச்சரின் விரல் பைக்குள்ளேயே நின்றது. அது அவர் வீட்டுப் பின்கதவு. உள்ளறையில் யாரோ தைக்கும் சத்தம். இடையிடையே ஒரு மிதி தப்புகிறது, தையல்காரரின் வலது முழங்கால் பிடித்துக்கொள்ளும்போது தப்புவது போலவே. நண்பர்கள் அலமாரிக்குள் ஒளிகிறார்கள். வெளியே நாலு துப்பாக்கி. உள்ளே பழைய கம்பளித் தூசி. ஒருவனுக்கு மூக்கு அரிக்கிறது. மற்றவன் அவன் மூக்கைப் பிடிக்கிறான். தியேட்டர் மூச்சடக்கியது.

பூனை தும்மியது. நாற்காலி இழுபட்டது. மூன்றாவதுக்கு அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

டீச்சர் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். இரண்டு வருஷமாக வராத சிரிப்பு. முன்சீட்டில் இருந்த இளவட்டங்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தபடியே அவர் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார். அந்த ஒரு மூச்சு, அப்புறம் அந்தச் சொல். ஆனால் திரையில் துப்பாக்கிகள் வெடித்தன. சொல் வரவில்லை. வெட்டியிருந்தார்கள்.

மறுபடி கவனம் திரையில் திரும்பியபோது நண்பர்களில் ஒருவன் குண்டடிபட்ட மற்றவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். கீழே போடச் சொல்லி அவன் திட்டினான், இவன் போடவில்லை. பதினோரு நிமிஷம் ஒரு பட்டன்கூட இறங்கவில்லை. டீச்சரின் முகம் நனைந்திருந்தது.

எண்ணாத படத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. எனவே திங்கட்கிழமை மறுபடி போனார். அதே இடத்தில் மறுபடி கை நின்றது. புதன்கிழமை மூன்றாம் முறை. டிக்கெட் கிழிப்பவர், "டீச்சரம்மா, இந்தப் படம் என் பொண்டாட்டிக்குக்கூட இத்தனை தடவை பிடிக்கல" என்றார். மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணி முடித்தார்.

வியாழக்கிழமை எழுதியதை மகளிடம் நீட்டினார்.

'கெட்ட வார்த்தை 214. அடிதடி 167. உடுப்புக் குறைவு 9. போதை 58. கடவுள் பெயரை வீணில் எடுத்தது 31. முதல் முறை பார்க்கையில் பதினோரு நிமிஷம் எண்ணவில்லை. சிரித்துவிட்டேன், பிறகு அழுதேன். நான் சிரித்ததால் படம் நல்லதாகிவிடாது. போதையை இது விளையாட்டுச் சாமானாகக் காட்டுகிறது. அதில் பிள்ளையை இழந்த தாய்மார் நம் பெஞ்சுகளில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அது விளையாட்டு இல்லை. நண்பனைப் போட்டுவிட்டு ஓடாத ஒருவனையும் இது காட்டுகிறது. அதைச் சொல்லாமல் விடுவது பொய். ஐம்பத்திரண்டாம் நிமிஷத்தில் ஒரு தும்மல் வருகிறது. அதைத் தும்மிய மனிதர் ஒவ்வொரு முறையும் கடவுளுக்கு நன்றி சொன்னவர். அந்த நன்றியை வெட்டியிருக்கிறார்கள். இந்தப் படத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுவே. தீர்ப்பு: கிறிஸ்தவ வீட்டுக்குள் வரத் தகாதது.'

மகள் இரண்டு முறை படித்தாள். "அப்பாவோட தும்மலா?"

"மூணும்."

மகள் தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மடல் பெஞ்சுகளில் வந்ததும் அந்தக் கட்டத்தைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். மாலை நாலு மணிக்கு அவள் போன் அடித்தது. கேட்டுவிட்டு அம்மாவிடம் நீட்டினாள்.

"அம்மா."

"ம்."

"மூணு தடவை பார்த்தியாமே."

"எண்ணிக்கை விட்டுப்போச்சு."

"படம் முடிஞ்சதும் எந்திரிச்சுட்டியா?"

"முடிஞ்சா எந்திரிக்காம? பேருங்க ஓட ஆரம்பிச்சதும் எந்திரிச்சுடுவேன். பேருல எண்ண என்ன இருக்கு?"

"மூணு தடவையும்?"

"பத்தொன்பது வருஷமாவே அப்படித்தான்."

"என் பேரு அதுலதான்மா ஓடும்" என்றான் மகன்.

டீச்சர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதியது, போன வியாழன் எழுதியது, எல்லாமே முழுக்கப் பார்க்காமல் எழுதியவை. பாஸ்டரிடம் பத்துக் கட்டளையைக் காட்டிப் பேசிய வாய் இது.

"அப்பா தோத்திரத்தை நான் வெட்டல. எடுத்து வச்சிருக்கேன். கடைசி வரைக்கும் உட்கார்ந்து பாரு."

"நாளைக்கு மதியத்தோட படத்தைத் தூக்குறாங்க. நீயும் வா."

"நான்தான் வீட்டுக்குள்ள வரத் தகாதவன் ஆச்சே."

"படத்தை எழுதினேன்டா. உன்னை எங்க எழுதினேன்?"

"அன்னைக்குக் கேட்டேனே. வாயே திறக்கலையே நீ."

"டீச்சருக்குப் பதில் தெரியலைன்னா அப்படித்தான், சும்மா நிப்பா. இப்ப சொல்றேன். வா."

மறுநாள் தியேட்டர் தாழ்வாரத்தில் அவன் நனைந்து நின்றான். மெலிந்திருந்தான். மகள் பேக்கரிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள், அண்ணன் முதுகில் ஒரு குத்து விட்டாள். டீச்சர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"சட்டையில ரெண்டாவது பட்டன் எங்க?"

"எங்கயோ விழுந்திருச்சு. உன் ஏப்ரன்ல இருந்து ஒண்ணு குடேன்."

"குடுத்தா என் கணக்குல ஒரு குத்து குறையும். படம் முடியட்டும்."

டீச்சர் தன் சீட்டில் உட்கார்ந்தார். மகன் எங்கே உட்காருவது என்று தயங்கினான். டீச்சர் முதலாவது சீட்டிலிருந்து குடையை எடுத்தார்.

பாலம் வந்தது. கால்சட்டைகள் ஆற்றோடு போயின. மகன் சீட்டில் சரிந்து சரிந்து கண் மட்டும் தெரியும்படி ஆகிவிட்டான். பக்கத்தில் அம்மாவின் கை நிதானமாக ஒவ்வொரு காதுப் பட்டனாக இறக்கியது.

"ஒன்பது" என்றார் மெல்ல. "சரிதானே?"

"அம்மா, மானத்தை வாங்காத."

"மானம்தான் அங்க ஆத்தோட போகுதே" என்றாள் மகள்.

தும்மல் வந்தபோது மூவரும் சேர்ந்து சிரித்தார்கள். டீச்சரின் கைக்கு வேலை ஓடவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவுமில்லை.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. கூட்டம் எழுந்தது. வழக்கப்படி டீச்சரின் முழங்கால் தானாக நிமிர்ந்தது. மகன் அவர் மணிக்கட்டைத் தொட்டான், உட்கார்ந்தார். பெயர்கள் ஓடின. கார் ஓட்டியவர்கள், சமைத்துப் போட்டவர்கள், கால்சட்டை தைத்தவர்கள் என்று எத்தனை பேர். இத்தனை பேரையும் பார்க்காமல்தான் பத்தொன்பது வருஷம் படியிறங்கியிருக்கிறார். துடைப்பக்காரர் முன்வரிசையில் பெருக்க ஆரம்பித்தார். 'ஒலி' என்று வந்து, அதன் அடியில் மகன் பெயர் வந்தது. டீச்சர் வாய்விட்டு ஒருமுறை அதைப் படித்தார். அதற்கு அடியில் இன்னொரு வரி: 'தும்மல்: என் அப்பா.'

பெயர்கள் தீர்ந்து திரை கறுப்பானது. கறுப்பில் மெஷின் மிதிபடும் சத்தம் மட்டும் ஓடியது. ஒரு மிதி தப்பியது. வேகம் குறைந்தது, நின்றது. ஒரு மூச்சு.

"தோத்திரம்" என்றார் தையல்காரர், யாருமில்லாத நாற்காலிகளைப் பார்த்து.

டீச்சரின் விரல் மேல் வரிசையின் கோடிக்குப் போனது. கோட்டுப் பட்டன் பைக்குள் துணியோடு ஒட்டிக் கிடந்தது, நகத்தால் கிளப்ப வேண்டியிருந்தது. அதை எடுத்துக் கீழே ஆறாவது பைக்குள் போட்டார். அடியில் போய் விழுவது விரலுக்குத் தெரிந்தது.

துடைப்பக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "படம் அப்பவே முடிஞ்சிருச்சும்மா."

"இப்பதாம்ப்பா முடிஞ்சுது."

டீச்சர் ஏப்ரனை அவிழ்த்தார். கீழ்ப் பையில் துழாவி நாலு துளைப் பட்டன் ஒன்றை எடுத்து மகனின் உள்ளங்கையில் வைத்தார். "எந்திரி. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழட்டிக் குடு, தைச்சுத் தர்றேன்."